வால் குழாயில் மூன்று மில்லிமீட்டர்

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். என் புகார் வேறு.

என் புகார் திருட்டைப் பற்றியது. காலையில் உங்கள் ரைட்டர் அப்புசாமியிடம் வாயால்தான் சொன்னேன். "என்னங்க திருட்டுப் போச்சு?" என்றார். ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் என்றேன். "எத்தாச்சோடு இருக்குமுங்க?" என்று அளவு கேட்டார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாப்பி, அதற்குள் இருக்கிறது என்றேன். "அந்தப் பிளாப்பி இப்ப எங்கீங்க?" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் பிளாப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு, "திருட்டுப் போன பொருளைப் பையில வெச்சுட்டு வந்து புகார் குடுக்கறது நீங்கதானுங்க மொதல் ஆளு. எனக்கு இது எழுத வராது, நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்க" என்று வெள்ளைத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டார். அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்குப் பக்கத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ரிஃபத் என்ற இளைஞன் இறந்துபோனான். அது வேறு கேஸ் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் அண்ணன் முகமது யூசுப், சிங்காநல்லூரில் சைலன்சர் பட்டறை வைத்திருப்பவர், "நான் செஞ்ச பைப்புதான் எந்தம்பியக் கொன்னுபோட்டுது" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லி அழுகிறார். அவர் பைப் செய்வது என் புரோகிராம் கொடுக்கும் அளவை வைத்து. இது ஊருக்கே தெரியும். அடுத்து யார் பெயர் அடிபடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் புரோகிராம் தப்பான அளவு கொடுக்காது. திருட்டுக் காப்பியாக இருந்தால் மட்டும்தான் கொடுக்கும். அதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் தம்பிதுரை. பீளமேட்டில் காலேஜுக்கு எதிர் வரிசையில் ஸ்ரீ அண்ணமார் கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். மாணவர்களின் புராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் எல்லாம் அச்சடித்துத் தருகிறோம். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஜாதகம் அடிப்பதா என்று என் மாமனார் ஒருமுறை கேட்டார். கம்ப்யூட்டரில் கணித்தால் ஜாதகமும் இன்ஜினியரிங்தான் மாமா என்றேன். நம்பிவிட்டார். கம்ப்யூட்டர் சொன்னால் இந்த ஊரில் யாரும் எதையும் நம்புவார்கள் என்று அன்றைக்கே கவனித்து வைத்தேன்.

ஜாதகம் வயிற்றுக்கு. என் மனசு முழுக்க இருந்தது 'பிரியா பைப்'பில். என் மகள் சண்முகப்பிரியாவின் பெயரைத்தான் புரோகிராமுக்கு வைத்தேன். அது செய்கிற வேலை சுலபம். கடலை வாங்கினால் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றிக் கொடுப்பார்கள் இல்லையா? தின்று முடித்ததும் அந்தக் காகிதத்தைப் பிரித்துத் தட்டையாக வைத்துப் பாருங்கள். கூம்பு வேண்டுமென்றால் எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று தெரியும். டூ-ஸ்ட்ரோக் பைக்குக்குப் பந்தய சைலன்சர் செய்வதும் அப்படித்தான். இன்ஜினிலிருந்து வரும் குழாய் மெல்ல விரிந்து, வயிறு பெருத்து, மறுபடி குறுகி, கடைசியில் விரல் நுழைகிற அளவில் ஒரு வால் குழாயாக முடியும். ஒவ்வொரு துண்டையும் தகட்டில் வெட்டி, உருட்டி, வெல்டு வைக்க வேண்டும். எந்த இன்ஜினுக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு வாய், அதற்குத் தகட்டை எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் பிரியா பைப் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும்.

சூத்திரங்களை ஓர் அமெரிக்கப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். புத்தகத்தைக் காலேஜ் வாசலில் ஜெராக்ஸ் எடுத்தேன். புரோகிராம் எழுதுவதற்கான சாஃப்ட்வேரை ஒரு நண்பன் காப்பி போட்டுக் கொடுத்தான். கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க யூசுப் பாய் கையால் செய்த நல்ல பைப்புகளை அளந்துகொண்டேன். எதற்கு அளக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, டீதான் வாங்கிக் கொடுத்தார். இதெல்லாம் திருட்டில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அமெரிக்காவில் இருப்பவருக்கு நான் ஜெராக்ஸ் எடுத்தது தெரியாது. தெரியாதவருக்கு வருத்தமும் கிடையாது. என் விஷயம் அப்படியில்லை. எனக்குத் தெரியும், எனக்கு வருத்தமும் உண்டு.

நம் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சிங்காநல்லூரில் ஒருவன் காலையில் புது மாடல் பம்ப் செய்தால், சாயங்காலம் கணபதியில் அதே பம்ப் பெயின்ட் காயாமல் வேறு பெயரில் நிற்கும். நான் பிரியா பைப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். "அருமையா இருக்குதுங்க. ஒரு காப்பி போட்டுக் குடுத்துட்டுப் போங்க, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். விலை என்று நான் வாயைத் திறந்ததும் இன்னொரு டீ வந்தது. அந்த மாதம் நான் குடித்த டீயில் பித்தம் ஏறியதுதான் மிச்சம்.

விலை கொடுத்து வாங்கியவர் யூசுப் பாய் ஒருவர்தான். என்னிடமே ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பழைய பிரிண்டரையும் வாங்கிக்கொண்டார். "தம்பி ரேஸு ஓட்டறான் சார், அவனுக்கு நல்ல பைப் போட்டுக் குடுக்கோணும்" என்றார். வாப்பா போனபிறகு அவர் தூக்கி வளர்த்த தம்பி. நானே போய் எல்லாவற்றையும் மாட்டி, முதல் பைப்பின் அளவைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அந்த பைப்பை மாட்டிக்கொண்டு ரிஃபத் பந்தயத்துக்குப் பந்தயம் கோப்பையோடு வந்தான். அப்போதெல்லாம் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி, திருட்டுக் காப்பியைக் கண்டுபிடிக்க நான் வைத்த பூட்டைப் பற்றி. அது தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கம்ப்யூட்டரின் முதுகில் பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் அதை மாட்டி, அதன் பின்னால் பிரிண்டர் வயரை மாட்ட வேண்டும். புரோகிராம் தொடங்கும்போது பூட்டு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் விலை கொடுத்தவன். இல்லாவிட்டால் திருடன்.

மற்றவர்கள் எழுதுகிற புரோகிராம், பூட்டைக் காணாவிட்டால் ஓடமாட்டேன் என்று திரையில் கத்தும். திருடன் உடனே உஷாராகி, கெட்டிக்காரன் எவனையாவது பிடித்து அந்தப் பூட்டை உடைத்துவிடுவான். பிரியா பைப் கொங்கு நாட்டில் பிறந்தது. முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லாது. திருடனையும் வாங்க, உட்காருங்க என்று கூப்பிட்டு, கேட்ட அளவையெல்லாம் சரியாகவே கொடுக்கும். வால் குழாயின் வாயை மட்டும் மூன்று மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லும்.

மூன்று மில்லிமீட்டர் என்ன செய்யும் என்றால், டவுனுக்குள் ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் வண்டி இன்னும் சுருக்கென்று இழுக்கும், திருடனுக்குப் பரம சந்தோஷம். நீளமான ரோட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தால்தான் சங்கதி. சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்கும். பிஸ்டன் வீங்கி ஒரு கட்டத்தில் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இன்ஜின் பிடித்துவிட்டது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்ஜினோடு சங்கிலியில் கட்டியிருக்கும் பின் சக்கரமும் நின்றுவிடும். ஓட்டுகிறவர் உட்பட மற்றதெல்லாம் போய்க்கொண்டிருக்கும்.

பயப்பட ஒன்றுமில்லை. கிளட்சை அழுத்தினால் சக்கரம் விடுபட்டுவிடும். வேகமாக ஓட்டுகிறவர்கள் இடது கை விரல் இரண்டை கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள், அது பால பாடம். ஆகவே என் பொறியில் உயிருக்கு ஆபத்து கிடையாது. திருடனுக்குப் புது பிஸ்டன் வாங்குகிற செலவு, நாலு பேர் முன்னால் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான் நான் நினைத்தது. இதைக்கூட நான் நினைக்கக் கூடாதென்றால் நியாயம் எங்கே இருக்கிறது?

ஆடி மாதம் முதல் செய்தி வந்தது. பல்லடத்துக் கோழிப்பண்ணை குமாரசாமியின் மகன் புது பைப்பை மாட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் பறந்திருக்கிறான். இன்ஜின் பிடித்து, வண்டி சறுக்கி, தோள்பட்டை எலும்பு நொறுங்கிவிட்டது. டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவன் எழுதியது எழுதியபடி வேலை செய்தால் வருகிற சந்தோஷம் உங்கள் உத்தியோகத்திலும் இருக்கும். குமாரசாமியின் மகன் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அவனை நான் பார்த்ததுகூட இல்லை.

சந்தோஷம் அடங்கியதும் யோசித்தேன். இன்ஜின் பிடித்ததென்றால் பைப் திருட்டுக் காப்பியில் செய்தது. ஊரில் என் பிளாப்பி இருப்பது யூசுப் பாயிடம் மட்டும். அவர் பட்டறைக் கம்ப்யூட்டரில் பூட்டு இருக்கிறது, அதில் செய்தால் அளவு சரியாக வரும். ஆகவே அவர் பிளாப்பியைப் பல்லடத்தில் வேறு யாருக்கோ காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். கணக்கில் ஓட்டை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஊரே கேட்டபோது கொடுக்காமல் இந்த ஒரு மனிதரை நம்பித்தான் கொடுத்தேன்.

நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நம் ஊரில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லையே. பட்டறைக்குப் போய், தம்பி சௌக்கியமா, வேலையெல்லாம் எப்படி என்று விசாரித்துவிட்டு, கிளம்பும்போது கேட்டேன்.

"ஏனுங்க பாய், நம்ம பிளாப்பி பத்தரமா இருக்குதுங்களா?"

"அதுக்கென்னங்க, பீரோவுல வெச்சுப் பூட்டிருக்கறனுங்க" என்றார்.

"வேற ஆராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கறவங்க கேப்பாங்க, அதுக்கென்னுங்க பண்றது" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் குறித்துக்கொண்டேன். குற்றம் செய்தவன் சிரிப்பான் என்று உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

பந்தயத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிஃபத் என் சென்டருக்கு வந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் அல்வா பொட்டலத்தோடு உள்ளே வந்தான். பழைய பைப் நசுங்கிப்போய்விட்டதாம், அண்ணன் புதிது போட்டுக் கொடுத்திருக்கிறாராம். வெளியே கூட்டிப்போய்க் காட்டினான். பைப்பின் வயிற்றில் பித்தளை வைத்துப் 'பிரியா' என்று எழுதியிருந்தான். கோணல் மாணலான எழுத்து. "பாப்பா பேருங்கண்ணா. இதுல ஜெயிச்சனா கோப்பைய நேரா இங்கதான் கொண்டாருவேன்" என்றான்.

நான் குனிந்து வால் குழாயில் விரலை விட்டேன். சரியான வாலில் என் ஆட்காட்டி விரல் தாராளமாக நுழையும். இதில் சுண்டு விரல்தான் நுழைந்தது.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், சார், ஏனென்றால் நான் அவனுக்குச் சந்தர்ப்பம் கொடுத்தேன். "கண்ணு, இது எந்தப் பிளாப்பில போட்டது?" என்று கேட்டேன்.

"உங்க பிளாப்பிதானுங்கண்ணா. வேற ஏது எங்ககிட்ட?"

"எங்க வெச்சுப் போட்டீங்க?"

"நம்ம பட்டறைலதான். அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா எந்திரிக்கறதே இல்லீங்க."

கண்ணைப் பார்த்துச் சொன்னான். பூட்டு இருக்கிற கம்ப்யூட்டரில் இப்படி ஒரு வால் வர வாய்ப்பே இல்லை. அல்வாவும் கொடுத்து, என் மகள் பேரையும் எழுதிக் காட்டி, என் முகத்துக்கு எதிரே ஒருவன் பொய் சொல்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேறொருவனாக இருந்தால் அறைந்திருப்பான். நான் அறையவில்லை. எனக்கு யாரையும் கை நீட்டுகிற வழக்கம் கிடையாது.

"பாத்துச் சொல்லுங்கண்ணா, செரியா இருக்குதுங்களா? ஞாயித்துக்கெழம நேர் ரோடு, முழுசா முறுக்கோணும்" என்றான்.

"நல்லா இருக்குது கண்ணு. போய் ஜெயிச்சுட்டு வா" என்றேன்.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான். பந்தயத்தில் பிஸ்டன் பிடிக்கும், வண்டி நிற்கும், திங்கட்கிழமை அண்ணனும் தம்பியும் என் வாசலில் வந்து நிற்பார்கள், தப்பு பண்ணிட்டோமுங்க என்பார்கள், நான் மன்னிப்பேன். என்ன சொல்லி மன்னிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம் அது, இப்போது உபயோகமில்லாமல் போய்விட்டது. அந்த அல்வாவை என் மகள் சாப்பிட்டாள்.

பந்தயம் நடந்த இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏதோ மில் வரப்போகிறதென்று தார் ரோடு போட்டு, மில் வராமல் போன பொட்டல். கோடு கிழித்ததுபோல நீளமான ரோடு, அதன் முடிவில் ஒரு வளைவு. கூட்டமெல்லாம் கொடி அசைக்கும் இடத்தில் நின்றது. நான் சர்பத் வாங்கிக்கொண்டு நேர் ரோடு முடிகிற இடத்துக்கு நடந்துபோய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். ஏன் அங்கே என்று கேட்பீர்கள். இன்ஜின் பிடிப்பதென்றால் அங்கேதான் பிடிக்கும். தவிர, அங்கே நிழலும் இருந்தது.

முதல் சுற்றுகளில் ஒன்றும் நடக்கவில்லை. பையன் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தான். வண்டியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது எனக்குக் கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவன் குரல் மாதிரி. பக்கத்தில் நின்ற ஒருவர், "அந்த வண்டி என்னமா போகுதுங்க" என்றார். ஆமாங்க என்றேன். வளைவுக்கென்று கொடியோடு நிறுத்தியிருந்த இன்னொரு ஆள் கூப்பிடு தூரத்தில் நின்றார். வண்டியை நிறுத்தச் சொல்லுங்க என்றால் நிறுத்தியிருப்பார். சர்பத்தில் ஐஸ் அதிகம், பல் கூசியது.

கடைசிச் சுற்றில் ரிஃபத் என்னைப் பார்த்துவிட்டான். அவ்வளவு வேகத்தில் எப்படிப் பார்த்தான் என்று தெரியவில்லை. ஜெயித்த மாதிரிதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், இடது கையைத் தூக்கி எனக்கு ஆட்டினான். இடது கை என்றால் கிளட்ச் கை. இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கை அதன் இடத்தில் இருந்திருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான், இதை யூசுப் பாயே ஒத்துக்கொள்வார். பெரியவர்களைக் கண்டால் மரியாதை காட்ட வேண்டியதுதான். அதற்கு நேரம் காலம் இருக்கிறது. நானும் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை கீழே இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை உக்கடத்தில் அவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். வாசல் நிறைய ஆட்கள். உள்ளே அந்தத் தாயாரின் குரல் கேட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. யூசுப் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரே ஒரு தடவ பட்டறைக்கு வாங்க. நான் எங்க தப்புப் பண்ணேன்னு பாத்துச் சொல்லுங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க, நாந்தான் எங்கயோ தவறவுட்டுட்டேன்" என்றார். போனோம்.

கம்ப்யூட்டரைப் போட்டார். பச்சை எழுத்து ஓடி, பிரியா பைப் வந்தது. பிரிண்டர் பக்கத்தில் பூப்போட்ட துணியால் மூடியிருந்தது. அளவுகள் திரையில் வந்ததும் சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டு, அப்படியே தகட்டில் காம்பஸால் கோடு கிழித்துக் காட்டினார்.

"பிரிண்டர் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க? நம்பர்தான் கண்ணுக்கு முன்னால தெரியுதே. நீங்க வந்து மாட்டிக் குடுத்தன்னைக்குப் போட்டதுதான், அதுக்கப்பறம் ஆன் பண்ணவே இல்லீங்க. ரிப்பனு மிச்சம். அதும்போக, எண்ணெய்க் கையில தொட்டா காயிதம் நஞ்சுபோயிருது."

குமாரசாமி மகனுக்கும் அவர்தான் இதே கம்ப்யூட்டரில் பார்த்துப் போட்டுக் கொடுத்தாராம். இன்ஜின் பிடித்ததற்கு, பையன் பெட்ரோலில் ஆயில் குறைவாக ஊற்றிவிட்டான் என்று நினைத்தாராம். "வாலு சன்னமா இருக்குதேன்னு எனக்கு ஒரு ரோசனை இருந்துச்சுங்க. உங்களைக் கேக்கலாம்னு வந்து, கேக்காம திரும்பிட்டேன். படிச்சவங்க போட்ட கணக்க நாம கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு" என்றார். பல்லடத்துக்காரர் ஒருவர் பிளாப்பிக்குக் காப்பி கேட்டு வீடு வரை வந்தாராம். "அது அவரு சொத்துங்க, நாங் குடுக்கப்படாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பிறகு, எனக்கு டீ சொல்ல வெளியே போனார்.

அவர் போனதும் பிரிண்டரின் துணியை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். புரோகிராமை மறுபடி ஓட்டினேன். வால் குழாயின் அளவு மூன்று மில்லிமீட்டர் கூடி வந்தது. பிரிண்டரை அணைத்து ஓட்டினேன். குறைந்தது. பூட்டுக்கென்று தனியாகக் கரண்ட் கிடையாது, பின்னால் மாட்டிய பிரிண்டர் அணைந்திருந்தால் அது இருந்தும் இல்லாதது மாதிரிதான். என் சென்டரில் ஜாதகம் ஓய்வதே இல்லை, பிரிண்டர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். அணைத்து வைத்து ஒரு தடவை பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிரிண்டர் ஆனில் இருக்க வேண்டும் என்று வாங்கியவரிடம் சொல்லியிருக்க வேண்டும்தான். அதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. துணியைப் பழையபடி மூடினேன்.

யூசுப் பாய் டீயோடு வந்தார். "கண்டுபிடிச்சீங்களா சார்?" என்றார்.

"கம்ப்யூட்டர் செரியாத்தான் சொல்லுது பாய். வெல்டு வெக்கும்போது வாலுக்குள்ள உருகி அடைச்சிருக்கும்" என்றேன்.

"அப்ப நாந்தானுங்களா?" என்றார்.

"வருத்தப்படாதீங்க பாய்" என்றேன். வேறு என்ன சொல்வது? டீயைக் குடித்தேன். பிளாப்பியையும் பூட்டையும், சோதித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். என் சட்டைப் பையில் ரைட்டர் பார்த்தது அந்தப் பிளாப்பியைத்தான். யூசுப் பாய் விலை கொடுத்து வாங்கியது என்பதால் ஒரு நாள் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். யூசுப் பாய் யாருக்கும் காப்பி கொடுக்கவில்லை என்கிறார். நானும் இந்த வாரம் பல்லடம், கணபதி, திருப்பூர் என்று பட்டறை பட்டறையாக விசாரித்துவிட்டேன். ஒருவரிடமும் பிரியா பைப் இல்லை. பலருக்குப் பெயரே ஞாபகம் இல்லை. பம்பைத் திருடுகிறார்கள், மோட்டாரைத் திருடுகிறார்கள், கிரைண்டர் டிசைனைத் திருடுகிறார்கள், நான் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியதைத் திருட இந்த ஊரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது? எங்கேயோ ஒரு திருடன் இருக்கிறான், சார். இருந்தே ஆக வேண்டும். ஆள் பலம் உங்களிடம் இருக்கிறது, தேடிப் பிடித்துக் கொடுங்கள். அவன் கிடைக்காவிட்டால், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சுண்டு விரலை வாலுக்குள் வைத்துக்கொண்டு, நல்லா இருக்குது கண்ணு என்று நான் சொன்னது எந்தத் திருடனிடமும் இல்லை என்று ஆகிவிடும்.